தறிக்குழியில் படுக்கும் நாய்க்கு

எங்கள் தெருவில் பாவு (தறியின் நெடுக்கு இழை) நீட்டுகிற காலைகளில் முதல் வேலை நாயைக் கட்டிப்போடுவதுதான். பட்டு இழையின் அருமை நாய்க்கு என்ன தெரியும்? அடியில் நுழைந்து முதுகைத் தேய்த்துக்கொண்டு போகும். அரிப்புப் பிடித்த நாயாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், திரும்பத் திரும்ப வரும். கண்ணமங்கலம், ஒண்ணுபுரம் பக்கம் தறிக்காரர் வீட்டு நாய்க்கு ராத்திரி வாசலில் காவல், பகலில், நாம் கால் விட்டு மிதிக்கிற தறிக்குழி ஓரம் தூக்கம். சித்திரை வெயிலில் வீட்டிலேயே குளிர்ந்த இடம் அந்தக் குழிதான் என்பதை நமக்கு முன்னால் அது கண்டுபிடித்துவிடுகிறது.

எங்கள் வீட்டு மணி நாட்டு நாய். ஒரு மழைக்காலம் முடிந்த கையோடு வாலடியில் முடி கொட்டத் தொடங்கி, பதினைந்து நாளில் இடுப்பு வரை கறுத்த தோலாகிவிட்டது. டாக்டரிடம் போகலாம் என்றேன். பெரியப்பா சிரித்தார். "இன்னாத்துக்கு டாக்டரு? மெக்கானிக்கு கடையில வண்டி ஆயிலு வாங்கியாந்து ரெண்டு தபா தடவுனா போய்டும்." தடவினார். ராத்திரியெல்லாம் மணி அதை நக்கி நக்கி, விடியும்போது வாந்தி. அது போதாதென்று தறியில் ஏற்றியிருந்த மாம்பழ மஞ்சள் பாவின் ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்புக் கறை. சேலைக்காரரிடம் அதற்கு என்ன பதில் சொன்னோம் என்பது வேறு கதை.

பிறகு பார்த்த டாக்டர் மருந்துச் சீட்டை எடுக்கும் முன்னால் மணியின் வாலைத் தூக்கி, சீப்பால் நாலு இழுப்பு இழுத்து, வந்த தூளை ஈரப் பஞ்சில் கொட்டினார். மிளகுத்தூள் மாதிரி இருந்தது சிவப்பாகக் கசிந்தது. "இது மண்ணு இல்ல, உங்க நாயோட ரத்தம். தெள்ளு குடிச்சிட்டுப் போட்ட எச்சம். வியாதி நாய் மேல கொஞ்சந்தான் இருக்குது, மீதி உங்க வீட்டுத் தரையில" என்றார். அன்று புரிந்ததும் அதற்குப் பிறகு கற்றதும் கீழே.

மருந்துக்கு முன்னால் செய்ய வேண்டியவை

எங்கே முடி கொட்டுகிறது என்று பாருங்கள். அரிப்பு என்பது ஒரே நோய் இல்லை. கொட்டுகிற இடமே பாதி சேதி சொல்லிவிடும். வாலடி, இடுப்பு, பின்தொடை என்றால் முதல் சந்தேகம் தெள்ளுப்பூச்சி. காது ஓரம், முழங்கை, பின்காலின் குதிமூட்டு ஆகிய இடங்களில் பொருக்குத் தட்டி, தூக்கத்தில்கூட எழுந்து சொறிகிறது என்றால் சொறிப்பூச்சி. கண்ணைச் சுற்றிக் கண்ணாடி போட்ட மாதிரி முடி உதிர்ந்த குட்டி, ஆனால் பெரிதாக அரிப்பில்லை என்றால் டெமோடெக்ஸ் என்ற இன்னொரு நுண்பூச்சி. தாய் பால் கொடுக்கிற முதல் சில நாளில் குட்டிக்கு ஒட்டுவது, மனிதருக்கு ஒட்டாது. வட்ட வட்டமாக உதிர்ந்து ஓரம் செதிலாக இருந்தால் படர்தாமரையாக இருக்கலாம். பாதத்தை நக்கிக்கொண்டே இருப்பதும் மாதத்துக்கு ஒரு முறை காதில் சீழ் வைப்பதும் ஒவ்வாமையின் அடையாளம்.

காது ஓரத்தை இரண்டாக மடித்து விரலால் தேய்த்துப் பாருங்கள். அந்தப் பக்கத்துப் பின்கால் காற்றில் சொறிகிற மாதிரி உதைத்தால் சொறிப்பூச்சிச் சந்தேகம் வலுக்கும். டாக்டர்களும் செய்கிற சோதனைதான் இது.

ஈரத்துணிச் சோதனையைத் தவறாமல் செய்யுங்கள். பேன் சீப்பும் ஒரு வெள்ளைத் துண்டும் போதும். தறி வீட்டில் துண்டுக்கா பஞ்சம்? பூச்சி கண்ணில் படவில்லை என்பதால் தெள்ளு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். கடிக்கு ஒவ்வாமை உள்ள நாய், இருக்கிற ஒன்றிரண்டையும் நக்கி விழுங்கிவிடும். எச்சம் மட்டும் மிஞ்சும்.

அரிப்பு முதலில் வந்ததா, முடி முதலில் போனதா என்று யோசித்துப் பாருங்கள். நடுவயது நாய்க்கு அரிப்பே இல்லாமல் இரண்டு விலாவிலும் ஒரே அளவாக முடி போகிறது, சோம்பல், எடை கூடுகிறது என்றால் அது தைராய்டு மாதிரி உள்ளுறுப்புக் கோளாறாக இருக்கலாம். தோலில் எதைப் பூசினாலும் பலன் இராது, ரத்தப் பரிசோதனை வேண்டும். குட்டி போட்ட பெட்டை நாய்க்கு ஒன்றிரண்டு மாதத்தில் கொத்துக் கொத்தாக உதிர்வதும், சிமெண்ட் தரையில் படுக்கிற நாய்க்கு முழங்கை காய்த்துப்போவதும் பயப்படுகிற விஷயமில்லை.

வீட்டில் வேறு யாருக்காவது அரிக்கிறதா என்று கேளுங்கள். நாயைத் தூக்குகிற பிள்ளைக்கு வயிற்றிலும் கையிலும் சிறு கொப்புளம், பெரியவர்களுக்குக் கணுக்காலில் மட்டும் கடி. முன்னது சொறிப்பூச்சி, பின்னது தெள்ளு. வட்டமாகப் படர்ந்தால் படர்தாமரை. மனிதருக்கு மனித டாக்டர், நாய்க்கு நாய் டாக்டர், இரண்டும் ஒரே வாரத்தில் நடக்க வேண்டும்.

செய்யவே கூடாதவை

பழைய வண்டி ஆயில், மண்ணெண்ணெய், பினாயில், இவை மூன்றும் நாயின் உடம்புக்கு ஆகாது. ஆயில் தடவினால் பூச்சி மூச்சுமுட்டிச் செத்துவிடும் என்பது நம்பிக்கை. தோலுக்குள் வளை தோண்டி இருக்கிற பூச்சிக்கு மேலே என்ன ஊற்றினாலும் பெரிதாக ஒன்றுமில்லை. வெந்துபோவது தோல்தான். நாய் தன்னைத் தானே நக்குகிற பிராணி. மேலே பூசுகிற எல்லாமே வயிற்றுக்கும் போகும் என்று வைத்துக்கொண்டு யோசித்தால் பாதித் தவறு நடக்காது. "எங்க தாத்தா காலத்துல" என்று ஆரம்பிப்பவர்களிடம் நான் இப்போது ஒரே கேள்வி கேட்கிறேன்: அந்த நாய் எத்தனை வருஷம் உயிரோடு இருந்தது?

வயலுக்கு அடிக்கிற பூச்சிமருந்தையோ மாட்டுக்கான உண்ணி மருந்தையோ மூடிக் கணக்கில் கலந்து ஊற்றாதீர்கள். எச்சில் ஒழுகுவது, உடம்பு நடுங்குவது, தள்ளாடுவது எல்லாம் விஷம் ஏறியதன் அறிகுறி. ஏற்கெனவே ஊற்றிவிட்டீர்கள் என்றால் சோப்பு நீரில் அலசிவிட்டு, அந்த மருந்துப் பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். மருந்தின் பெயர் தெரிந்தால்தான் முறிவு கொடுக்க முடியும்.

மாட்டுக்குப் போட்டதில் மிச்சமிருக்கிற ஐவர்மெக்டின் ஊசியை நாய்க்குப் போடாதீர்கள். நல்ல மருந்து அது. அதைக் கண்டறிந்த ஓமுராவும் கேம்பெலும் 2015இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆனால் மாட்டுக்கு 50 கிலோ எடைக்கு 1 மி.லி. என்று கணக்கிடுகிற மருந்து, பத்துக் கிலோ நாய்க்குச் சிரிஞ்சில் ஒரு கோடு தவறினாலும் தவறுதான். கோலி வகை நாய்களில் பலவற்றுக்கு இந்த மருந்து மூளைக்குள் போகாமல் தடுக்கிற மரபணுவில் குறை உண்டு என்று 2001இல் கண்டறிந்தார்கள். கலப்பின நாய் வைத்திருப்பவர்களுக்கு அதன் வம்சத்தில் என்ன கலந்திருக்கிறது என்று எப்படித் தெரியும்?

மெடிக்கலில் கேட்டு வாங்குகிற மனிதக் களிம்பைத் தடவாதீர்கள். கூட்டுக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. இரண்டே நாளில் அரிப்பு அடங்கும், வீடே சந்தோஷப்படும். உள்ளே இருப்பது டெமோடெக்ஸோ படர்தாமரையோ என்றால், எதிர்ப்புச் சக்தி அடங்கிய அந்த இடைவெளியில் அது நன்றாகப் பரவிவிடும். ஸ்டீராய்டை டாக்டரே எழுதித் தருவதும் உண்டு. அது என்ன நோய் என்று பார்த்த பிறகு, அளவு பார்த்து.

பாரசிட்டமால், புரூஃபன், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளை வாயில் போடாதீர்கள். குடலில் ரத்தம் கசியலாம், சிறுநீரகமும் ஈரலும் கெடலாம்.

வேப்பெண்ணெயை அப்படியே பூசாதீர்கள். இதைச் சொன்னால் எங்கள் ஊரில் சண்டைக்கு வருவார்கள். வேம்புக்குப் பூச்சி விரட்டுகிற குணம் உண்டுதான். சீழ் வைத்த தோலில் எண்ணெயை அப்பினால் அழுக்கு ஒட்டி உள்ளே புழுங்குகிறது, நக்கினால் வாந்தி எடுக்கிறது. வேப்பிலை கொதித்து ஆறிய தண்ணீரைக் குளியலின் கடைசியில் ஊற்றுங்கள், அதோடு நிறுத்துங்கள். மாட்டு உண்ணிக்கு வசம்பு, பூண்டு, நொச்சி என்று அரைத்துப் பூசுகிற பச்சிலைக் கலவை வேறு. பூண்டும் வெங்காயமும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக்கூடியவை. மாட்டுக்கு ஆனது நாய்க்கு ஆகாது.

உண்ணியை ஊதுபத்தியால் சுடாதீர்கள், விரலால் நசுக்காதீர்கள். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும். சோப்பு நீரிலோ ஸ்பிரிட்டிலோ போடுங்கள். கையில் உறை இல்லையென்றால் பிளாஸ்டிக் பையாவது மாட்டிக்கொள்ளுங்கள்.

குளிக்கிற சோப்பு, துணி சோப்பு இரண்டும் வேண்டாம். நம் தோல் கொஞ்சம் அமிலத் தன்மை உள்ளது, நாயின் தோல் ஏறக்குறைய நடுநிலை. தோலின் தடிமனிலும் நம்மைவிட மெல்லியது. பட்டு நூலின் பசையை எடுக்கச் சோடாவும் சோப்பும் போட்டு அவிக்கிற தண்ணீர் மிச்சமாகிறதே என்று அதில் நாயைக் குளிப்பாட்டியவர் ஒருவரை எனக்குத் தெரியும். நூலுக்குப் பசை போன மாதிரியே நாய்க்கும் தோல் உரிந்தது.

கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். சொறி நாய் என்றதும் ராத்திரி வண்டியில் ஏற்றி அமிர்தி காட்டுப் பக்கம் இறக்கிவிட்டு வருகிறார்கள். 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்படி அது குற்றம். சட்டம் கிடக்கட்டும், அந்தச் சொறிப்பூச்சி காட்டு நரிக்கும் ஒட்டும்.

தரைக்குச் செய்ய வேண்டியவை

இதுதான் ஆட்கள் விட்டுவிடுகிற பகுதி. ஒரு வீட்டில் தெள்ளு நூறு இருந்தால் வளர்ந்த பூச்சியாக நாய் மேல் இருப்பது ஐந்து, மீதி முட்டை, புழு, கூடு என்று தரையிலும் படுக்கையிலும் கிடக்கிறது என்பார்கள். பெட்டைத் தெள்ளு ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது முட்டை போடும். முட்டை வழவழப்பானது, ஒட்டாது. நாய் உதறுகிற இடத்தில் உதிர்ந்துவிடும். புழு வெளிச்சத்துக்குப் பயந்து இண்டு இடுக்கில் இறங்கி, பெரிய தெள்ளு போட்ட ரத்த எச்சத்தைத் தின்று வளரும். இருட்டு, ஈரப்பதம், மண், நாயின் முடி எல்லாம் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் குழித்தறியின் குழியைவிட வசதியான இடம் உண்டா?

அப்புறம் அந்தப் புழு கூடு கட்டுகிறது, அதுவும் பட்டு நூலால். நம் தொழிலைக் குழிக்குள் இருந்துகொண்டு அதுவும் செய்கிறது. நூல் பிசுபிசுப்பாக இருப்பதால் மண்ணும் தூசும் ஒட்டி, பார்த்தால் மண் துகள் என்றே தோன்றும். மருந்து அதற்குள் சரியாகப் போகாது. மாதக்கணக்கில் உள்ளேயே காத்திருக்கும். அதிர்வு, சூடு, மூச்சுக்காற்று இவற்றில் ஒன்று பட்டால் நொடியில் கூட்டைப் பிளந்து வெளியே குதிக்கும். ஆர்டர் இல்லாமல் ஒரு மாதம் தறி நின்று, மறுபடி உட்கார்ந்து மிதியை மிதித்த முதல் நாளே கணுக்காலில் சுருக் சுருக்கென்று கடிப்பது ஏன் என்று எனக்கு வெகுநாள் தெரியாது. நாம்தான் கதவைத் தட்டி எழுப்புகிறோம்.

அதனால் பாவு இறங்கி அடுத்த பாவு ஏறும் இடைவெளியைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாவு இருக்கும்போது குழியில் எந்த மருந்தும் அடிக்காதீர்கள். எண்ணெய் கலந்த ஸ்பிரே பட்டில் ஒரு பொட்டு பட்டாலும் கறை கறைதான். பாவு இறங்கிய அன்று குழியின் உதிரி மண்ணை ஒரு விரற்கடை சுரண்டி எடுத்து எரித்துவிடுங்கள். விரிசலைக் களிமண்ணோ சிமெண்டோ வைத்துப் பூசுங்கள். மருந்து அடிப்பதானால் தெள்ளின் புழு வளராமல் தடுக்கிற வகை எது என்று டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். நாயும் பிள்ளைகளும் தரை காயும்வரை உள்ளே வரக்கூடாது. மீன் தொட்டி இருந்தால் மூடுங்கள். வீட்டில் பட்டுப்புழு வளர்ப்பவர்கள் இந்த மருந்துகளின் பக்கமே போகாதீர்கள்.

நாய்க்கென்று ஒரு சாக்கு ஒதுக்குங்கள். அதில் மட்டும் படுக்கப் பழக்கினால் முட்டையும் அதில்தான் விழும். வாரம் ஒரு முறை கொதிக்கிற தண்ணீரில் போட்டு, வெயிலில் காயப்போடுங்கள். இதைவிட மலிவான மருந்து எனக்குத் தெரியாது.

உண்ணிக்குத் தரையைவிடச் சுவர் முக்கியம். நாய் உண்ணி மேலே ஏறுகிற சாதி. ரத்தம் குடித்து உப்பிய பெட்டை கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் கதவு நிலையின் இடுக்கிலும் போய் ஆயிரக்கணக்கில் முட்டை இடும். மண்சுவர் வீடுகளில் சுண்ணாம்பு அடிக்கும்போது வெடிப்பை அடைத்துவிட்டு அடியுங்கள்.

நாய்க்குச் செய்ய வேண்டியவை

மருந்து ஷாம்பு எழுதித் தந்தால் நுரை பத்து நிமிஷம் உடம்பில் ஊற வேண்டும். போட்டவுடன் கழுவினால் காசுதான் கழுவிப் போகும். பத்து நிமிஷம் ஈர நாயைப் பிடித்துக்கொண்டு நிற்பது சுலபமில்லை, தெரியும். ஒருவர் பொரி கொடுத்துக்கொண்டே இருக்கட்டும். வெந்நீர் வேண்டாம், அரிப்பைக் கூட்டும். அடிமுடி வரை துவட்டுங்கள். பொமரேனியன் மாதிரி அடர்முடி நாய்க்கு மழைக்காலத்தில் உள்முடி காயாமல் புளித்த வாடை அடித்தால் ஈஸ்ட் பூஞ்சை வந்துவிட்டது என்று அர்த்தம். அதற்காக மொத்தமாக மழித்துவிடாதீர்கள். வெயில் நேரே தோலில் பட்டு இன்னும் சிவக்கும்.

தெள்ளுக்கும் உண்ணிக்கும் இன்று மாதம் ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒன்று என்று மெல்லுகிற மாத்திரைகள் வந்துவிட்டன, கழுத்தில் விடுகிற சொட்டு மருந்தும் உண்டு. எடை போட்டுத்தான் வாங்க வேண்டும். வலிப்பு வந்த நாய் என்றால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். குறைந்தது மூன்று மாதம் விடாமல் கொடுங்கள்; கூட்டுக்குள் இருப்பது வரிசையாக வெளியே வந்துகொண்டே இருக்குமே. ஒரு நாய்க்குக் கொடுத்து இன்னொன்றுக்குக் கொடுக்காமல் விட்டால் ஒன்றுக்குமே கொடுக்காத மாதிரி.

நாய்க்கான பெர்மெத்ரின் சொட்டு மருந்தைப் பூனைக்குப் போட்டுவிடாதீர்கள். எலி பாவைக் கடிக்கும் என்று தறி வீடுகளில் பூனையும் இருக்கும். அந்த மருந்து பூனைக்கு எமன்.

சாப்பாட்டைக் கவனியுங்கள். நம் வீட்டு நாய்களில் பல, மோர்சாதமும் பிஸ்கட்டும் தின்று வளர்பவை. முடி என்பதே புரதம், சாதத்திலிருந்து எங்கே வரும்? வேகவைத்த முட்டை, கோழி, முள் எடுத்த மத்தி கொடுங்கள். பச்சை முட்டையின் வெள்ளைக் கருவைத் தினமும் கொடுத்தால் பயோட்டின் என்ற விட்டமினை அது பிடித்து வைத்துக்கொண்டு, முடி கொட்டுவதே கூடும். உணவு ஒவ்வாமை என்று சந்தேகம் வந்து டாக்டர் ஒரே உணவு என்று சொன்னால் எட்டு வாரம் அதே உணவுதான். நடுவில் தாத்தா ஒரு பிஸ்கட் போட்டால் மறுபடி முதல் நாள். தாத்தாவிடம் இதை யார் சொல்வது என்பது அவரவர் பாடு.

எப்போது காத்திருக்கக் கூடாது

உண்ணி இருந்த நாய் சாப்பாட்டைத் தொடவில்லை, காய்ச்சல், ஈறு வெளுத்திருக்கிறது, மூக்கில் ரத்தம், சிறுநீர் காபி நிறம். இதில் ஒன்று இருந்தாலும் அன்றே போங்கள். உண்ணிக் காய்ச்சலில் ஒரு நாள் பெரிய வித்தியாசம். சொறிந்து சொறிந்து ஒரே ராத்திரியில் உள்ளங்கை அளவுக்கு ஈரப்புண் ஆனாலும் அப்படித்தான். அது வரைக்கும் அடிப்பாகம் வெட்டிய பிளாஸ்டிக் வாளியைக் கழுத்தில் மாட்டி நக்கவிடாமல் வைத்திருங்கள்.

டாக்டரிடம் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். கால்நடை மருந்தகத்தில் அந்த வசதி இல்லையென்றால் வேலூர் பஸ் எந்நேரமும் இருக்கிறது. ஆறிப்போகாமல் திரும்பத் திரும்ப வருகிற தோல் நோய்க்குச் சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. போகும்போது இதுவரை தடவியது, கொடுத்தது எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். வண்டி ஆயிலையும்தான்.

அரிப்பில் இருக்கிற நாயின் புண்ணைத் தொட்டால் வளர்த்தவரையும் கடிக்கும். வெறிநோய்த் தடுப்பூசி தேதி தாண்டிவிட்டதா என்று பாருங்கள். கடித்தால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், நம்ம வீட்டு நாய்தானே என்று இருந்துவிடாதீர்கள்.

முடி உடனே வராது. அரிப்பு ஒரு மாதத்தில் நின்றது, மணியின் இடுப்பில் முடி மூட மூன்று மாதம் ஆனது. முதலில் வந்தது பூனைமயிர் மாதிரி மென்மையாக, வேறு நிறத்தில். இப்போது பழைய செவலை. சனிக்கிழமை சனிக்கிழமை அதன் சாக்கு கொதிக்கிறது. பெரியப்பா அதைப் பார்த்துக்கொண்டே திண்ணையில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் சொல்கிறார்: "ஆயிலுதான்யா வேல செஞ்சுது. கொஞ்சம் லேட்டு, அவ்ளோதான்."